விடுதிக்குப் போகும் பிள்ளைக்கும் அனுப்பிவைக்கும் வீட்டுக்கும்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பெண்கள் விடுதி வாசலில் ட்ரங்குப் பெட்டியும் பாயும் பக்கெட்டுமாகக் குடும்பங்கள் வந்து நிற்கும். அம்மாக்கள் கேட்பவை பெரும்பாலும் மூன்றே கேள்விகள். சாப்பாடு எப்படி இருக்கும், பிள்ளைக்குப் பாதுகாப்பு இருக்குமா, எப்போது பார்க்க வரலாம். மூன்றும் கேட்க வேண்டியவைதான். ஆனால் விடுதி ஒரு பெண்பிள்ளைக்குத் தரும் பெரிய சொத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அது சாயங்காலம்.

தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்தில் பீடி சுற்றும் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பள்ளிவிட்டு வந்த பெண்பிள்ளை பையை வைத்த கையோடு சுளகை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். இலை வெட்டுவது, தூள் வைத்துச் சுற்றுவது, நூல் கட்டுவது என்று அம்மாவின் ஆயிரம் பீடிக் கணக்கில் அவளுக்கும் ஒரு பங்கு உண்டு. பீடி இல்லாத வீட்டில் தண்ணீர்க்குடம், அடுப்பு, தம்பி. எல்லாம் முடிந்து புத்தகத்தைத் திறக்கும்போது கண் சொக்கிவிடும். விடுதியில் ஆறரைக்கு மணி அடித்தால் ஸ்டடி. எட்டரை வரை அவளை ஒரு வேலைக்கும் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அப்படியொரு வீட்டிலிருந்து ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்த ஒரு பிள்ளையை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதல் வாரம் முழுக்க ஸ்டடி நேரத்தில் புத்தகம் திறந்தபடி இருக்கும். அவள் விரல்கள் மடியில் பாவாடை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருக்கும். பழகிய வேலையைக் கை தேடியது. மாதம் ஒன்று ஆவதற்குள் அந்தக் கை ரஃப் நோட்டின் பின்பக்கம் வரை இயற்கணிதம் போட்டது.

பெண்கள் விடுதிப் பள்ளியில் ஆசிரியையாகவும் விடுதிப் பொறுப்பிலும் இருந்தவள் என்ற முறையில் இங்கே எழுதும் செய்ய வேண்டியவையும் செய்யக்கூடாதவையும் அந்தச் சாயங்காலத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான். முதலில் பிள்ளைக்கு.

பெட்டி கட்டும்போது

தட்டு, டம்ளர், பக்கெட், மக், பாய், போர்வை எல்லாவற்றிலும் பெயரும் வகுப்பும் எழுது. துணிக்கு மார்க்கர் வெளுத்துவிடும். ஓரத்தில் கலர் நூலால் ஓர் எழுத்துத் தைத்துக்கொள். பெட்டிப் பூட்டுக்கு இரண்டு சாவி இருந்தால் ஒன்றை வார்டனிடம் கொடுத்துவை. உள்ளாடை தாராளமாக எடுத்துக்கொள், மழைக்காலத்தில் காயாது. கொடிக்கயிறும் கிளிப்பும் சின்ன டார்ச்சும் மறக்காதே.

தங்கக் கம்மல், செயின் வேண்டாம். தொலைந்தால் நகை போவதோடு நிற்காது. கூடப் படிக்கும் பத்துப் பிள்ளைகள் மேல் சந்தேகம் விழும். முறுக்கு, அதிரசம் கொண்டுவா, ஆனால் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாதே. எறும்பு வரும், பிறகு எலி வரும், பிறகு உன் நோட்டு போகும்.

முதல் மூன்று வாரம்

அழுகை வரும். வரட்டும். பகலில் வகுப்பு, விளையாட்டு என்று ஓடிவிடும். விளக்கணைத்த பிறகும், பார்வையாளர் வந்துபோன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும்தான் கஷ்டம். அந்த நேரத்தில் தனியாகப் பாயில் சுருண்டு கிடக்காதே. யாராவது ஒருத்தியோடு உட்கார், பின்னல் போட்டுவிடு, துணி மடி. ‘என்னை வந்து கூட்டிட்டுப் போங்க’ என்று முதல் வாரத்திலேயே போன் போடாதே. மூன்று வாரம் கழிந்த பிறகும் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை என்றால் அப்போது மறைக்காமல் சொல். அது வெறும் வீட்டு ஞாபகமாக இல்லாமல் வேறு ஏதாவது தொந்தரவாகவும் இருக்கலாம்.

பெரிய வகுப்பு அக்காக்களில் ஒருத்தியைத் தெரிந்துவைத்துக்கொள். எந்தக் குழாயில் தண்ணீர் வேகமாக வரும், எந்த டீச்சர் எப்போது ஓய்வாக இருப்பார் என்பதெல்லாம் எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது.

ஸ்டடியும் வகுப்பும்

இதில்தான் நான் கொஞ்சம் அதிகம் பேசப்போகிறேன்.

ஸ்டடிக்கு உட்காரும் முன்பே அன்றைக்கு என்ன படிக்கப்போகிறாய் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிவிடு. ‘சயின்ஸ்’ என்று எழுதினால் போதாது. ‘மின்னோட்டவியல், ஓமின் விதி, மூன்று கணக்கு’ என்று எழுது. முதல் அரைமணி நேரம் மூளை தெளிவாக இருக்கும். அதைக் கணக்குக்கும் புரியாத பாடத்துக்கும் கொடு. மனப்பாடச் செய்யுளும் ஆங்கிலச் சொற்பொருளும் பிறகு வரட்டும்.

மனப்பாடம் பண்ணியதைப் புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார். திரும்பத் திரும்ப வாய்விட்டு வாசித்தால் தெரிந்தமாதிரி இருக்கும், பரீட்சைத் தாளைப் பார்த்ததும் இரண்டாவது வரி வராது. எழுதிப் பார்க்கும்போது எங்கே ஓட்டை என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

கூடப் படிப்பவளுக்குச் சொல்லிக்கொடு. விடுதியின் தனி வசதி இது. வீட்டிலிருந்து வந்துபோகும் பிள்ளைக்கு ராத்திரி எட்டு மணிக்குச் சந்தேகம் கேட்க ஆள் கிடையாது. உனக்குப் பக்கத்துப் பாயிலேயே இருக்கிறாள். சொல்லிக்கொடுப்பவளுக்குப் பாடம் இன்னும் ஊறும். கேட்பவளுக்கு டீச்சரிடம் கேட்கும் கூச்சம் இருக்காது. ஆனால் ஹோம்வொர்க் நோட்டை அப்படியே கொடுத்துக் காப்பி அடிக்கவிடாதே. கணக்கில் விடையை மட்டும் எழுதினால் முழு மதிப்பெண் கிடையாது, படிப்படியாகத்தான் மதிப்பெண். காப்பி அடித்தவளுக்கு அந்தப் படிகள் கடைசிவரை வராது. அவளுக்கு நீ செய்தது உதவியே இல்லை.

புக்பேக் ஒன்வேர்டை மட்டும் கரைத்துக் குடித்துவிட்டு, கைடை மட்டும் நம்பி உட்காராதே. உள்ளிருந்து கேட்கும் கேள்விகளுக்குப் பாடப்புத்தகத்தை வரி விடாமல் வாசித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் அறிவியலுக்கு 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, 25 செய்முறைக்கு. அந்த 25-க்கு ஆய்வகத்தில் பின்வரிசையில் நிற்காதே. குடுவையை உன் கையால் பிடி, அம்மீட்டரை உன் கையால் இணை. முன்னால் நிற்பவள் செய்வதைப் பார்த்து ரெக்கார்டு நோட்டை நிரப்பிய பிள்ளைகள் செய்முறைத் தேர்வன்று கை நடுங்கி நிற்பார்கள்.

பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிக்க 10 நிமிடமும், விடைத்தாளில் விவரங்களைச் சரிபார்க்க 5 நிமிடமும் தருகிறார்கள். அந்தப் 10 நிமிடம் பெரிய வரம். அதை எப்படிச் செலவழிப்பது என்று விடுதி ஸ்டடியிலேயே பழைய வினாத்தாளை வைத்துப் பழகு: முதலில் தாள் முழுக்க ஒரு ஓட்டம், பிறகு சாய்ஸ் கேள்விகளில் எதை எழுதுவது என்ற முடிவு. பேனாவைத் தொடாமல் இதைச் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும்.

போர்வைக்குள் டார்ச் அடித்துப் படிக்காதே. உன் வயதுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தூக்கம் வேண்டும். விடுதியில் ஐந்து மணிக்கு எழுப்பிவிடுவார்கள் என்றால் ஒன்பதுக்குப் படுத்துவிட வேண்டும். ராத்திரி கண்விழித்தவள் மறுநாள் இரண்டாவது பீரியடில் தூங்கி விழுவாள். அங்கே போனதை மறுபடி ராத்திரியில் பிடிக்கப் பார்ப்பாள். அது முடியாத சுற்று.

டீச்சர் ஒருவர் வளாகத்திலேயே தங்கியிருந்தால் கூச்சப்படாமல் சந்தேகம் கேள். ‘புரியல டீச்சர்’ என்று நிற்காமல், ‘இந்த வரி வரைக்கும் போட்டேன், அடுத்தது எப்படி வந்துச்சு’ என்று கேள். அப்படிக் கேட்கும் பிள்ளையை எந்த ஆசிரியையும் திருப்பி அனுப்பமாட்டார்.

பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும்போது தோழி எடுத்தாள் என்று எடுக்காதே. பயாலஜி எடுத்த எல்லாரும் டாக்டர் ஆவதில்லை, காமர்ஸ் எடுத்தவள் குறைந்தவளும் இல்லை. எந்தப் புத்தகத்தை யாரும் சொல்லாமலே நீ எடுத்து வாசிக்கிறாயோ, அந்தப் பக்கம் போ.

நூலக பீரியடில் ரெக்கார்டு எழுதாதே. கதைப்புத்தகம் வாசி. பத்திரிகையில் தலையங்கம் புரியாவிட்டாலும் வாசி.

உடம்பு

பெண்கள் விடுதி என்றால் பேன் உண்டு. வெட்கப்பட ஒன்றுமில்லை. பேன் பறக்காது, குதிக்காது. தலையோடு தலை ஒட்டும்போதும் சீப்பைப் பகிரும்போதும் ஏறும். ஒருத்தி மட்டும் மருந்து போட்டால் பயனில்லை, அறை முழுக்க ஒரே நாளில் போட வேண்டும். ஈர் பொரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால் அந்தக் கணக்கில் மறுபடியும் ஒருமுறை. ஞாயிற்றுக்கிழமை காலை வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து ஒருத்தி தலையை ஒருத்தி ஈருளியால் வாருவது நல்ல வழக்கம், அதை விடாதே. பேன் இருப்பவளைத் தள்ளிப் படுக்கச் சொல்லாதே. விரல் இடுக்கில் ராத்திரி அரிப்பு வந்தால் சிரங்காக இருக்கலாம். அதுவும் அப்படித்தான், எல்லாரும் ஒன்றாக மருந்து போட்டு, பாய், போர்வையை வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போட வேண்டும்.

வாரம் ஒருநாள் தரும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே போடாதே. தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. படிக்க உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றால் பல நேரம் காரணம் அதுதான். சோம்பேறி என்று உன்னை நீயே திட்டிக்கொள்ளாதே. மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு, வயிறு புரட்டாது. அதோடு டீ, காபி குடிக்காதே. இரும்பு உடம்பில் சேராது. மலம் கறுத்துப் போனால் பயப்படாதே, மாத்திரையில் உள்ள இரும்பால் வருவது அது.

மாதவிலக்கு நாட்களில் நாப்கினை நாலு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மாற்று. கழிப்பறையில் போட்டு அடைக்காதே. தாளில் சுற்றி அதற்கான கூடையில் போடு. துணி வைப்பவள் என்றால் நல்ல வெயிலில் காயவை. ஒளித்து ஈரமாக வைத்தால் புண் வரும். வீட்டில் தீட்டு என்று ஒதுக்கி உட்காரவைத்திருக்கலாம். விடுதியில் அது வேண்டாம். ஸ்டடிக்கு வா, விளையாடப் பிடித்தால் விளையாடு. வலி தாங்கவில்லை என்றால் வார்டனிடம் சொல்லி மாத்திரை வாங்கிக்கொள். ‘எல்லாருக்கும் வர்றதுதானே’ என்று சுருண்டு படுக்காதே.

கூட இருப்பவர்கள்

‘நீங்க என்ன ஆளுக?’ என்று யாரையும் கேட்காதே. கேட்டவளுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமையும் உனக்கு இல்லை. தென்மாவட்டத்தில் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் கலர் கயிறு வகுப்பறையில் என்ன செய்திருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவன் வெட்டப்பட்ட பிறகு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024-இல் தந்த அறிக்கையில் அந்தக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. விடுதியில் மெஸ் பந்தியில் யார் பக்கத்தில் உட்காருகிறாய், யார் குடித்த டம்ளரைத் தள்ளிவைக்கிறாய் என்பதிலும் அதே கயிறு இருக்கிறது. அதை அவிழ்க்க வேண்டியது நீதான்.

காசு காணாமல் போனால் பெட்டியைக் கிளறிச் சோதனை போடாதே, ‘அவதான்’ என்று கை காட்டாதே. ஏழ்மையான பிள்ளையின் மேல்தான் அந்த விரல் போய் நிற்கும். வார்டனிடம் சொல், அத்தோடு விடு. ஆறாம் வகுப்புப் பிள்ளையைத் தண்ணீர் எடுத்து வரச் சொல்லி, துணி துவைக்கச் சொல்லி வேலை வாங்காதே. வீட்டு வேலையிலிருந்து தப்பித்து வந்தவள் அவள்.

தொந்தரவு என்றால்

ஒருவர் தொடுவது, பேசுவது, பார்ப்பது உனக்குக் கூசினால் அது ஆசிரியராக இருந்தாலும், அலுவலக ஊழியராக இருந்தாலும், விருந்தினர் என்று வந்தவராக இருந்தாலும் சொல். ஒருவரிடம் சொல்லி அவர் காதில் வாங்கவில்லை என்றால் அடுத்தவரிடம் சொல். 1098 சிறார் உதவி எண், இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள். 14417 பள்ளிக்கல்வித் துறையின் எண். இரண்டையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவை. 2012-இல் வந்த போக்சோ சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லாருக்கும் பாதுகாப்பு. விஷயம் தெரிந்தும் பெரியவர்கள் புகார் செய்யாமல் இருப்பதே அந்தச் சட்டத்தில் குற்றம். ‘பள்ளிப் பெயர் கெட்டுப்போகும்’ என்று உன் வாயை அடைப்பவர் யாராக இருந்தாலும் அவர் சொல்வதைக் கேட்காதே.

இனி வீட்டாருக்கு

சேர்க்க வந்த அன்று பிள்ளை கண் மறைந்த நேரம் பார்த்துச் சொல்லாமல் பஸ் ஏறிவிடாதீர்கள். அழுதாலும் பரவாயில்லை, ‘அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயிறு வர்றேன்’ என்று நாள் சொல்லிப் புறப்படுங்கள். சொன்ன நாளில் வந்துவிடுங்கள்.

போனில் வீட்டுச் சண்டையைச் சொல்லாதீர்கள். அப்பா குடித்துவிட்டு வந்தது, கடன்காரன் வாசலில் நின்றது, தம்பிக்குக் காய்ச்சல் என்று ஐந்து நிமிடத்தில் கொட்டிவிட்டு நீங்கள் போனை வைத்துவிடுவீர்கள். அன்றைய ஸ்டடி நேரம் முழுக்க அவள் அதைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மதிப்பெண்ணை மட்டும் விசாரிக்காதீர்கள். இன்றைக்கு என்ன குழம்பு, யாரோடு விளையாடினாய் என்றும் கேளுங்கள்.

காதுகுத்து, சடங்கு என்று ஒவ்வொன்றுக்கும் கூட்டிப் போகாதீர்கள். பெரிய பொங்கலுக்கு, ஊர்க் கோயில் கொடைக்கு வரட்டும். சித்தி மகள் வளைகாப்புக்கு நான்கு நாள் லீவு கேட்காதீர்கள்; அந்த நான்கு நாளில் ஒரு பாடம் முடிந்துவிடும். வயதுக்கு வந்துவிட்டாள் என்று விடுதியிலிருந்து நிறுத்துவதும் வேண்டாம். விடுமுறைக்கு வந்தவளைப் பெண்பார்க்க ஆள் வரவழைப்பது அதைவிட மோசம். 18 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

‘பெண்பிள்ளையை வெளியே தள்ளிட்டியே’ என்று உறவினர் சொன்னால் மனம் குறுகாதீர்கள். 1824-இல் யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹேரியட் வின்ஸ்லோ பெண்களுக்கு உறைவிடப் பள்ளி தொடங்கினார். 1911-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற சகோதரி சுப்பலட்சுமி, தானே சிறுவயதில் கணவனை இழந்தவர். தன்னைப் போன்ற இளம் விதவைகளைக் கடற்கரை ஐஸ் ஹவுஸில் தங்கவைத்துப் படிக்கவைத்தார். 2004-இல் கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயா என்ற பெயரில் அரசே பின்தங்கிய ஒன்றியங்களில் பெண்களுக்கு உறைவிடப் பள்ளி தொடங்கியது. நோக்கங்கள் வேறு வேறு. ஆனால் சில வீடுகளில், சில ஊர்களில் பெண் படிக்க வேண்டுமென்றால் அவளுக்குத் தங்க வேறோர் இடம் வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நீங்கள் அந்த வரிசையில் வருகிறீர்கள்.

வார்டனுக்கும் நிர்வாகத்துக்கும்

ஸ்டடி நேரத்தில் பிள்ளைகளை வேலைக்குக் கூப்பிடாதீர்கள். வளாகம் பெருக்க, விருந்தினருக்கு வரவேற்பு நடனம் பழக, மெஸ்ஸில் காய் நறுக்க என்று அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் எல்லாரும் கேட்பார்கள். யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். கரண்ட் போனால் ஸ்டடி ஹால் விளக்குக்கு முதலில் மாற்று ஏற்பாடு இருக்கட்டும். அலுவலக அறைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிள்ளை அம்மாவோடு போன் பேசும்போது பக்கத்தில் நிற்காதீர்கள். சாப்பாடு பிடிக்கவில்லை என்றுகூட அவளால் சொல்ல முடியாமல் போகும். கடிதத்தைப் பிரித்துப் படிக்காதீர்கள். மதிப்பெண் குறைந்தவளைப் பந்தியில் நிறுத்தித் திட்டாதீர்கள். சாப்பாட்டைத் தண்டனைக்குப் பயன்படுத்துவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. காலையில் குளியலறை வரிசை நீண்டு முதல் மணிக்குப் பிள்ளைகள் ஈரத்தலையோடு ஓடுகிறார்கள் என்றால் அவர்கள் மேல் தவறில்லை, குழாய் போதவில்லை என்று அர்த்தம், எண்ணிப் பாருங்கள். ராத்திரி ஒரு ரவுண்டு போகும்போது எந்தப் பாயில் யார் விழித்திருக்கிறாள் என்று கவனியுங்கள். இரண்டு ராத்திரி விழித்திருந்தவளை மூன்றாம் நாள் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரியுங்கள்.

ப்ளஸ் டூ முடித்துப் போகும்போது

மறுபடி உனக்கு, பிள்ளை. டி.சி., மதிப்பெண் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ் மூன்றையும் வாங்கிப் பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர் எழுத்து எழுத்தாகச் சரிபார். தவறு இருந்தால் அங்கேயே திருத்தச் சொல். கல்லூரிக் கவுன்சலிங் வரிசையில் நின்றுகொண்டு திருத்த முடியாது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மே மாதமே எடுத்துவை. வங்கிக் கணக்கு உன் பெயரில் இருக்க வேண்டும். ஆதாரோடு இணைத்திருக்க வேண்டும். 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் பிறகு நீட்டித்தார்கள். விண்ணப்பம் கல்லூரி வழியாகப் போகும். சேர்ந்த முதல் வாரமே அலுவலகத்தில் கேள். அந்தக் கணக்கின் பாஸ்புத்தகமும் ஏடிஎம் கார்டும் உன் கையிலேயே இருக்கட்டும்.

கல்லூரி உன் ஊரிலேயே இருந்தாலும் இடம் கிடைத்தால் அங்கேயும் விடுதிக்கு விண்ணப்பம் போடு.